இப்போதைக்கு

கோவையில் எங்கள் கம்பெனியில் ஞானசேகரன் சாருக்குக் குரு, அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். பெயர் தேன்மொழி. மென்பொருளில் திருடன் நுழையக்கூடிய ஓட்டைகளைத் தேடுவது அவர் வேலை. நாங்கள் கிண்டல் செய்தோம். சார் கண்டுகொள்ளவில்லை. "தெரிஞ்சவங்ககிட்டத்தானுங்க கேக்கோணும்" என்பார்.

அன்று மத்தியானம் சார் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நேராகத் தேன்மொழியிடம் போனார்.

பெண்கள் மருத்துவமனை ஒன்றுக்கு ஆப் செய்தவர் சார்தான். டாக்டருக்கு டெமோ காட்டிய நாளில் ஓடிபி வரவில்லை. டாக்டரைக் காக்க வைக்க வேண்டாமே என்று ஓடிபி கேட்கும் நிரல் வரியை நிறுத்தி வைத்தார். டாக்டருக்கு ஆப் பிடித்துவிட்டது. வரி நின்றபடியே எட்டு மாதம் ஓடிவிட்டது. யாருடைய போன் நம்பரைப் போட்டாலும் அவர்களுடைய ரிப்போர்ட் திறந்தது.

ஒரு பெண்ணின் நம்பரை அவள் கொழுந்தன் போட்டுப் பார்த்தான். அவள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை வீடே படித்தது. இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள். காலையில் அவளே சாருக்குப் போன் செய்தாள். திட்டவில்லை. "யாருங்க திறந்து விட்டது?" என்று மட்டும் கேட்டாள்.

"மறுநாளே திருப்பிப் போட்டுடலாம்னுதாங்க இருந்தேன்," என்றார் சார். "எனக்குத் தெரியாத வேலையா இது? எங்க தப்புப் பண்ணினேன் மேடம்?"

"அந்த வரி பக்கத்துல என்ன எழுதி வச்சீங்க?"

"இப்போதைக்குன்னு."

எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. அவசரத்துக்கு எதை நிறுத்தினாலும் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தையை எழுதிவிடுவோம். எழுதியதும் மனசு லேசாகிவிடும், பாழாய்ப் போன மனசு.

"நம்ம ப்ராஜெக்ட் எல்லாத்துலயும் அந்த வார்த்தையைத் தேடுங்க சார்."

தேடினார். "அறுபத்து மூணு இடத்துல இருக்கு."

அதில் நான்கு என்னுடையவை. நான் தலையைத் தூக்கவில்லை.

"ரொம்பப் பழசு எது?"

"ஆறு வருஷம். ஏதோ ஸ்கூல் ஆப். பிள்ளைங்க வீட்டு விலாசம் எல்லாம் திறந்து கிடக்குது." எழுதியவர் பெயரைப் பார்த்தார். திரும்பித் தேன்மொழியைப் பார்த்தார். "இது நீங்க எழுதினதுங்க."

"ஆமாங்க சார்," என்றார் தேன்மொழி. "உங்களுக்குப் போன் வந்துடுச்சு. எனக்கு இன்னும் வரலை."