இடக்கைப் பக்கம்

சோலைமட்டத்தில் மூடுபனி இறங்கினால் முதலில் காணாமல் போவது கோல் கம்பம். பிறகு எதிரணி. அதற்கும் பிறகு உங்கள் பூட்ஸ்.

வேறு ஊராக இருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். சோலைமட்டத்தில் பனி விலகட்டும் என்று காத்திருந்தால் ஐப்பசியில் தொடங்கிய ஆட்டம் தையில்தான் முடியும். அதனால் அந்த மலையில் யாரும் நிறுத்துவதில்லை. வெள்ளைக்குள்ளேயே ஓடுவார்கள், வெள்ளைக்குள்ளேயே விழுவார்கள். பந்து எங்கோ தொப் தொப்பென்று கேட்கும்.

வேதமுத்து மாஸ்டர் அந்த ஊர்க் கால்பந்து கிளப்புக்கு இருபத்தாறு வருஷம் கோச்சாக இருந்தார். மைதானத்தின் ஒரு ஓரத்தில் சில்வர் ஓக் மரம், எதிர் ஓரத்தில் பஸ் போகும் ரோடு. ஒரு கோலுக்குப் பின்னால் ஓடை, இன்னொரு கோலுக்குப் பின்னால் மாதா கோயில். பனி இறங்கியதும் மாஸ்டர் ஓரத்தில் நின்று சத்தம் கொடுக்கத் தொடங்குவார்.

"ஆங்... ஆங்... அப்படித்தான்... ஆங்..."

அவ்வளவுதான். மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிப் போகிறவர்கூட அதைவிட விவரமாகப் பேசுவார். பள்ளத்தாக்குக்கு எதிரே இருந்த அக்கரை எஸ்டேட் அணியினர் அதில் ஏதோ ரகசியம் இருப்பதாக நினைத்து, ஒரு வருஷம் முழுக்க நோட்டில் எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ரகசியம் சொல்லில் இல்லை, இடத்தில் இருந்தது. அந்தக் குரல் எப்போதும் சோலைமட்டம் ஆட்டக்காரர்களின் இடக்கைப் பக்கம் இருக்கும். குரல் இடக்கையில் கேட்டால் எதிரியின் கோல் நேர் எதிரே இருக்கிறது என்று அர்த்தம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது மாஸ்டரும் குடையை எடுத்துக்கொண்டு எதிர் ஓரத்துக்கு நடந்துவிடுவார். மழையோ, காய்ச்சலோ, ஒரு வருஷம் காலில் மாவுக்கட்டோ, அந்த நடை நின்றதில்லை.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் பந்து அறைச் சாவியைக் கமிட்டியின் மேஜைமேல் வைத்தார்.

"அறுபத்தொன்னு ஆச்சு. போதும்" என்றார். "எங்கயும் போகல. ஊர்லதான் இருப்பேன். சும்மா உக்காந்து ஆட்டம் பாப்பேன்."

மழையால் தள்ளிப்போன ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. அக்கரை எஸ்டேட்டோடு. டிரா செய்தால் போதும், முதல் டிவிஷனில் இருக்கலாம். தோற்றால் இரண்டாம் டிவிஷன். சாவி போஜனின் கைக்கு வந்தது.

போஜனுக்கு நாற்பத்து நாலு வயது. தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் அறையில் வேலை. ஒரு காலத்தில் மாஸ்டரின் அணியில் தடுப்பாட்டக்காரன், பிறகு பதினோரு வருஷம் துணைக்கோச். சாவியை வாங்கிய அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மாஸ்டர், மேகம் எறங்கினா நான் என்ன சொல்லணும்?"

"உனக்கு வாய் இருக்கில்ல?"

"நீங்க சொல்றதையே சொல்லட்டுமா?"

"நான் என்ன சொல்றேன்?"

போஜன் யோசித்தான். பதினோரு வருஷம் பக்கத்திலேயே நின்றவன்.

"ஆங்..." என்றான்.

மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போஜனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டத்தன்று மாஸ்டர் சொன்னபடி வந்தார். மரத்தடியில் போஜன் நிற்க, அவனுக்குப் பத்தடி தள்ளி, தேயிலைச் சரிவின் கல்கட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தார். முதல் பாதியில் வெயில் அடித்தது. கோல் எதுவும் விழவில்லை. இடைவேளையில் போஜன் மாஸ்டரைப்போலவே தன் குடையை எடுத்துக்கொண்டு எதிரே ரோட்டோரத்துக்கு நடந்தான்.

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. பார்க்க வந்தவருக்கு எதற்கு இடமாற்றம்? இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அவர் இரண்டாம் பாதியிலும் மரத்தோரமே இருந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவர் உள்பட.

முடிய ஏழு நிமிஷம் இருக்கும்போது பனி இறங்கியது.

போஜன் கத்தினான். "லிங்கா, பின்னால வா! ஜெபா, கோலை விட்டு வராத! அடேய் இடது, இடது!" நாலு பேருக்குச் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னான். குரல் உடைந்தது. பனிக்குள்ளிருந்து யாரோ "யார்றா அது?" என்று கேட்டது அவன் காதில் விழுந்தது. தன் அணிக்காரன்தான் கேட்டான். அந்த வலி அவனுக்குப் பிறகும் வெகுநாள் இருந்தது.

அப்போது மரத்துப் பக்கமிருந்து மெல்ல வந்தது.

"ஆங்... ஆங்..."

மாஸ்டர் வேண்டுமென்று செய்யவில்லை. பழகின தொண்டை, பனியைக் கண்டதும் தானே திறந்துகொண்டது.

லிங்கனின் காலில் பந்து இருந்தது. அணியிலேயே கெட்டிக்காரன் அவன். தடுக்க உதவிக்கு வந்தவன், தன் கோலிலிருந்து முப்பதடியில் நின்றான். குரலைக் கேட்டதும் அவன் உடம்பு லேசாகிவிட்டது. தாய்வீட்டு வாசலைப் பார்த்தவன்போலத் திரும்பினான். குரலை இடக்கையில் வைத்துக்கொண்டான். இரண்டு எட்டு வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை வாய்க்கும் ஒரு உதை உதைத்தான்.

வலை குலுங்கியது. லிங்கன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சோலைமட்டத்துக்காரர்கள் நாலு பேர் பனிக்குள் அவனைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அக்கரைக்காரர்களும் கொஞ்ச தூரத்தில் குதித்தார்கள். எதிர்த்தரப்பு ஏன் குதிக்கிறது என்று இருதரப்புக்கும் விளங்கவில்லை. பனி ஒரு கணம் விலகியபோதுதான் தெரிந்தது. ஓடைப்பக்கத்துக் கோல். சொந்தக் கோல். வலைக்கு முன்னால் கோல்கீப்பர் ஜெபராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலத்துக்குள் மலை முழுக்கச் சிரித்து முடித்துவிட்டது. அந்த ஒரு கோலில் தோற்று கிளப் இரண்டாம் டிவிஷனுக்குப் போயிற்று. கமிட்டி கூடியது. மாஸ்டர் இல்லாவிட்டால் பயிற்சிக்கு வரமாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். "போய்க் காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வா" என்று போஜனை அனுப்பினார்கள்.

மறுநாள் காலை போஜன் போனபோது ஊரே வெள்ளையாக இருந்தது. மாஸ்டரின் வீடு எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. மாஸ்டர் ஒரு பெரிய பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

போஜன் கமிட்டி சொன்னதைச் சொல்ல வாயெடுத்தான். வந்தது வேறு.

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் மாஸ்டர்."

சொன்ன பிறகு அவனுக்கே பயமாகிவிட்டது. கண் கலங்கிவிட்டது.

"ஆமா" என்றார் மாஸ்டர். ஒரு சட்டையின் கையை நீவி மடித்தார்.

"பையெல்லாம் எதுக்கு?"

"மேட்டுப்பாளையம். தங்கச்சி வீடு."

"எத்தன நாளைக்கு?"

"பை பெருசா இருக்கு பாரு."

"ஊர்லயே இருப்பேன்னு சொன்னீங்களே!"

"நேத்து மத்தியானம் வரைக்கும் சொன்னேன்."

போஜன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். "பசங்க உங்களக் கேக்கறாங்க. கமிட்டி கேக்குது. எனக்கும்..." அவன் நிறுத்தினான். "எனக்கும் நீங்க வந்தாத் தேவலை. நேத்து என் குரலை ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியல மாஸ்டர்."

"அங்க பனி கிடையாதாம்" என்றார் மாஸ்டர், ஏதோ நினைவில். "ஒரு ஆட்டத்த முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கண்ணால பாக்கணும்னு ஆசை. இத்தன வருஷத்துல ஒன்னுகூட முழுசாப் பாத்ததில்ல."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. வர்றீங்களா, இல்லையா?"

மாஸ்டர் பையின் ஜிப்பை இழுத்தார். "எட்டரைக்குத்தான் பஸ். பந்து அறைச் சாவி இருக்கா?"

மாஸ்டர் பையைத் தோளில் மாட்டிக் குடையை எடுத்துக்கொள்ள, இருவரும் மைதானத்துக்கு நடந்தார்கள். வழியில் ஒரு நாய் பனியிலிருந்து வந்து பனிக்குள் போயிற்று. புல்லெல்லாம் ஈரம். மாஸ்டர் பந்தை நடுவட்டத்தில் வைத்தார், போஜனின் தோளைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார். கண்ணாமூச்சி ஆடிய வயதுக்குப் பிறகு யாரும் அவனை அப்படிச் சுற்றியதில்லை.

"ஓடைப்பக்கத்துக் கோலுக்கு அடி" என்றார்.

"நீங்க என் இடக்கையில நிப்பீங்கதானே?"

"எங்கயாவது நிக்கிறேன்."

செருப்புச் சத்தம் புல்லில் கொஞ்சம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

போஜன் காத்திருந்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெள்ளை. கையை நீட்டினால் விரல் மங்கியது.

"மாஸ்டர்?"

வாயருகே கையைக் குவித்தான்.

"மாஸ்டர், ஒரு சத்தம் குடுங்க."

ஒன்றுமில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நின்றான். முதலில் கோபம் வந்தது. இவ்வளவு வருஷம் கூட இருந்தவனை இப்படியா விட்டுப் போவது என்று நினைத்தான். பிறகு கோபமும் ஓய்ந்து, தனியாக இருப்பது மட்டும் மிஞ்சியது. நேற்று பசங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அவர்களிடம் தான் போட்ட கூச்சலை நினைத்து வெட்கப்பட்டான்.

அவன் பேசாமல் நின்றான்.

எங்கோ இலையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. ஒரே இடத்தில், நிறைய. உயரமான மரம். சில்வர் ஓக்.

எதிர்த்திசையில் ஒரு பஸ் கியர் மாற்றி முனகியது. ரோடு.

மணி எட்டுக்கு ஃபேக்டரியின் சங்கு ஊதியது. தினமும் கேட்கும் சங்கு. அது கோயிலுக்குப் பின்னால், மேட்டிலிருந்து வருகிறது என்று இத்தனை வருஷம் அங்கே வேலை செய்தும் அவன் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அது அவன் முதுகில் வந்து பட்டது.

சங்கு ஓய்ந்ததும் முன்னால் ஒரு சலசலப்பு இருந்தது. மெல்லியது, விடாதது. ஓடை. இந்த ஓடை இவ்வளவு காலம் எங்கே போயிருந்தது? அதே மைதானத்தில் ஆடினான், விழுந்தான், பதினோரு வருஷம் நின்றான். ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. மைதானம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அவனைச் சுற்றி வந்து நின்றது. கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இனித் தெரிய வேண்டிய தேவை இல்லைபோல இருந்தது.

பந்தைத் தட்டிக்கொண்டு நடந்தான். பிறகு ஓடினான். ஓடையின் சத்தம் பெருகிவந்தது. ஒரு இடத்தில் நின்று உதைத்தான்.

பந்து வெள்ளைக்குள் போயிற்று. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு நனைந்த வலை சிலிர்த்து, அதிலிருந்த நீரெல்லாம் ஒன்றாகப் புல்லில் கொட்டியது.

"கோல்!" என்று போஜன் கத்தினான். நாற்பத்து நாலு வயது என்பது மறந்துபோயிற்று. "மாஸ்டர், கோல்! ஓடை மாஸ்டர்! இந்த ஓடை..."

பனிக்குள்ளிருந்து மாஸ்டர் வந்தார். தோளில் பை, கையில் குடை.

"போஜா, நான் எந்தப் பக்கம் நின்னேன்?"

போஜன் மரத்துப் பக்கம் பார்த்தான். ரோட்டுப் பக்கம் பார்த்தான். மூச்சு வாங்கியது.

"கவனிக்கலையே மாஸ்டர்."

மாஸ்டர் குடையை அவன் கையில் கொடுத்தார்.

"அப்ப நான் பஸ் ஏறலாம்" என்றார்.