தாளாளர் படம் ஒட்டிய ரோபோ

தாராபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அதன் தாளாளர் குழந்தைவேலுக்கு எங்கே பார்த்தாலும் தன் படம் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில்கூடக் கைகூப்பிச் சிரிப்பார். மண்டலப் போட்டிக்குப் பிள்ளைகள் செய்த ரோபோவை மட்டும் விடுவாரா? முன்பக்கம் முழுக்கத் தன் முகத்தை ஸ்டிக்கராக ஒட்டிவிட்டார்.

ஒத்திகையில் ரோபோ அசையவே இல்லை. எதிரே தடை இருந்தால் நின்றுவிடும் ரோபோ அது. தடையைப் பார்க்கும் சென்சார் கண்கள் இரண்டும் ஸ்டிக்கருக்குள் மாட்டிக்கொண்டன.

"படத்தை எடுக்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் ஓடணும். இல்லேன்னா யாரும் போட்டிக்குப் போக வேண்டாம்!" என்றார் தாளாளர்.

பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. லேப் கூட்டும் பூவாத்தாள் பிளேடை எடுத்தாள். படத்தில் சென்சார்களுக்கு நேரே இருந்த தாளாளரின் கண்கள் இரண்டையும் வட்டமாக வெட்டியெடுத்தாள். ரோபோ விர்ரென்று கிளம்பியது.

"என் கண்ணையா நோண்டுனே?"

"படத்தை எடுக்கலைங்களே ஐயா. இப்ப உங்க கண்ணு வழியாத்தான் அது பாதையைப் பார்க்குது."

தாளாளர் கோபத்தோடு குறுக்கே வந்தார். ரோபோ டக்கென்று நின்றது.

"பார்த்தியா, மறுபடி நின்னுடுச்சு! இதுக்கு என்ன கோளாறு?"

"அதுக்கு ஒரு கோளாறும் இல்லைங்க ஐயா. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா, பிள்ளைங்க போட்டிக்குப் போயிருவாங்க."