பூவாயி குடும்ப டிரஸ்ட்

மழை பெய்தால் ஊரில் எல்லாரும் குடையை மடக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார்கள். கோணப்பாளையம் சென்னியப்பன் வீட்டில் மட்டும் உள்ளே நுழைந்ததும் விரிப்பார்கள். ஓட்டுக் கூரை அந்த லட்சணம். சட்டி, போசி, அண்டா என்று இருக்கிற பாத்திரமெல்லாம் ஒழுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க, இடது கையில் குடையும் வலது கையில் சோறுமாகச் சாப்பிட்டு அவர் பழகிவிட்டார்.

அவர் பெண்டாட்டி ராமாத்தாள் பழகவில்லை. "இந்த ஐப்பசிக்குள்ள ஒழுகாத கூரைக்குக் கீழ என்னைய உக்கார வெக்கோணும். இல்லீன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பொம்பளை. அவள் இல்லாமல் சென்னியப்பனுக்கு ஒரு பொழுது ஓடாது. தன் வேட்டி எந்தக் கொடியில் தொங்குகிறது என்பதே அவளைக் கேட்டால்தான் தெரியும்.

பணத்துக்கு வழியில்லாமல் இல்லை. அவரும் தம்பிகள் குப்பண்ணனும் நாச்சிமுத்துவும் சேர்ந்து பைபாஸ் ஓரத்தில் அஞ்சு லட்சத்துக்கு ஓர் இடம் வாங்கிப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு அம்பது லட்சம் போகும். விற்கலாம் என்று கிளம்பின நேரம் பார்த்து சர்க்கார் வரிச் சட்டத்தை மாற்றிவிட்டது. இடம் விற்கிற லாபத்தில் இனிமேல் கால்வாசி வரியாம். மூன்று பேரும் அடித்துப் பிடித்து ஆடிட்டர் வரதனிடம் ஓடினார்கள்.

"எதுக்கு இப்படிப் பதறுறீங்க? லாபம் வந்தாத்தானே வரி? லாபமே இல்லேன்னா வரியும் இல்லே" என்று ஆரம்பித்தார் ஆடிட்டர். மேற்கொண்டு விளக்கத்தான் அவர் வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் தம்பிகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். வந்த காரியம் முடிந்த பிறகு பெரிய மனுஷர் நேரத்தை வீணடிக்கலாமா?

மறுநாள் திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் இடம் பார்க்க வந்தார்.

"நாப்பத்தஞ்சு லட்சம் தர்றேங்க."

"கட்டுப்படி ஆகாதுங்க" என்றார் சென்னியப்பன்.

"சரி, அம்பது."

"ஏனுங்க, நாயமாப் பேசுங்க. அஞ்சு லட்சம். அதுக்கு மேல ஒத்த ரூவா வாங்க மாட்டோம்."

முதலாளி இதை ஏதோ பெரிய வியாபார தந்திரம் என்று நினைத்துக்கொண்டார். "அம்பத்திரண்டு. இதுதான் கடைசி."

நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எங்க வயித்துல அடிக்காதீங்க சாமி! நாங்க புள்ளகுட்டிக்காரங்க!"

இடத்தில் எதைப் புதைத்து வைத்திருக்கிறார்களோ என்று முதலாளிக்குச் சந்தேகம் தட்டியது. விருட்டென்று காரில் ஏறிப் போய்விட்டார்.

விஷயத்தைக் கேட்ட ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "ஒரு குடும்ப டிரஸ்ட் ஆரம்பிச்சு இடத்தை அதுல போடுங்க. வருமானமே இல்லாத ஒருத்தர் பேருக்குப் பலனை எழுதி வைங்க, வரி குறையும். ஆனா நீங்க மூணு பேரும் டிரஸ்டிங்க, சொத்தைப் பாத்துக்கறவங்க மட்டுந்தான். டிரஸ்ட் சொத்தோட பலன்ல ஒரு துரும்பைக்கூட நீங்க தொடக் கூடாது."

அன்று சாயங்காலம் தொழுவத்தில் ஆலோசனை.

"நம்மூட்டுல வருமானமே இல்லாதது யாரு?" என்றார் சென்னியப்பன்.

"நாந்தாண்ணா" என்று நெஞ்சை நிமிர்த்தினான் நாச்சிமுத்து.

"போன வாரம் சீட்டுல நாப்பது ரூவா செயிச்சியேடா?"

நாச்சிமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அண்ணி?" என்றான் குப்பண்ணன்.

"முட்டை விக்கறா."

"நாயி?"

"காவலுக்கு நிக்குது. போடற சோறு சம்பளந்தானே?"

பின்னால் 'ம்ம்மே' என்று ஒரு சத்தம். மூவரும் திரும்பினார்கள். கிழட்டு எருமை பூவாயி அசைபோட்டுக்கொண்டு நின்றது. பால் வற்றி மூன்று வருஷம். ஒரு வரும்படி கிடையாது.

பத்திரம் எழுதுகிறவர் வழக்கம் போல விசாரித்தார். "பூவாயி உங்களுக்கு என்ன வேணும்?"

"எங்க குடும்பத்துல ஒருத்திங்க. அவ பாலக் குடிச்சுத்தான் தம்பி மீசையே வளத்தான்."

"அந்தம்மாவுக்குப் பிள்ளைங்க?"

"ஏழுங்க. எல்லாத்தையும் சந்தையில வித்துப்போட்டோம்."

அந்த மனுஷர் மளமளவென்று பத்திரத்தை எழுதிக் கொடுத்து அவர்களை அனுப்பிவைத்தார்.

பனியன் முதலாளியைத் தேடிப் பிடித்து அம்பது லட்சத்துக்கு இடத்தை முடித்தார்கள். லாபம் பூவாயிக்குத்தானே, எத்தனை வந்தால் என்ன? அந்தப் பணத்தில் இரண்டு அறையும் தளம் போட்ட கூரையுமாக ஜம்மென்று ஒரு வீடு எழும்பியது. பால் காய்ச்சப் புதுப் பானையோடு வந்த ராமாத்தாளை வாசலிலேயே மறித்தார் சென்னியப்பன்.

"இது பூவாயி ஊடு. நான் டிரஸ்டி. நாம உள்ள போகக் கூடாது."

ராமாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நேரே பழைய வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள். சென்னியப்பன் தெருவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

குப்பண்ணனுக்குத்தான் யோசனை வந்தது. "பலனத்தானேண்ணா தொடக் கூடாது? வாடகைக்கு இருக்கலாமில்ல?"

மாசம் மூவாயிரம் என்று பேசி, ஓர் அறையில் பூவாயியைக் கட்டிவிட்டு, இன்னோர் அறையை அவளிடம் வாடகைக்கு எடுத்தார்கள். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. முதல் தேதி பணத்தை அவள் தீனித் தாழியில் வைத்துவிட்டுக் குடி போனார்கள். அன்று ராத்திரியே ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. ராமாத்தாள் கூரையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். சென்னியப்பனுக்குத்தான் சாப்பிடும்போது இடது கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

காலையில் நாச்சிமுத்து அலறிக்கொண்டு வந்தான். "அண்ணா, மோசம் போனோம்! வாடகை வாங்கிட்டாளே, பூவாயிக்கு வருமானம் வந்துருச்சே!"

ஆடிட்டருக்குப் போன் போட்டார்கள். "வாடகை வந்தா வரட்டுமே. வீட்டு ரிப்பேர் செலவை அதுல கழிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டார் அவர்.

மூவரும் வீட்டை அங்குலம் அங்குலமாகத் தடவினார்கள். ஒரு கீறல் இல்லை.

"புது ஊட்டுல ரிப்பேருக்கு எங்கடா போறது?" என்று கையைப் பிசைந்தார் சென்னியப்பன்.

குப்பண்ணன் கடப்பாரையோடு மொட்டை மாடிக்கு ஏறினான். "எந்த ரூமுக்கு மேலண்ணா?"

"நம்ம ரூமுக்கு மேலதான். பலன் பூவாயிக்கு. அவளுக்கு ஒரு குறை வரலாமா?"

சாயங்காலம் மறுபடியும் மழை பிடித்தது. ராமாத்தாளின் ரசத்தில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. பின்னாலேயே ஒன்று, இன்னொன்று. சென்னியப்பன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, இடது கையால் குடையை விரித்தார். "இனி வரிக் கவலையே இல்ல, ராமாத்தா."

ராமாத்தாள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். விறுவிறுவென்று அடுத்த அறைக்குப் போய், பூவாயி பக்கத்தில் சொட்டு ஈரமில்லாத தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

சென்னியப்பன் குடையோடு பதறி எழுந்தார். "அடியே, வெளிய வா! நாம ஒரு ரூமுக்குத்தான் வாடகை குடுக்கறோம்!"