சிவப்புக் காரின் சரசரப்பு

எஸ்டேட் முதலாளி நஞ்சப்பனிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. ஒரு வாரமாக அதில் ஃபேனைப் போட்டால் காற்று வராது; சரசரவென்று சத்தம்தான் வரும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை.

"நீ தண்ணி பீச்சித்தான் கெடுத்துட்ட. சாயங்காலத்துக்குள்ள சத்தம் நிக்கலைன்னா உனக்கு வேலை இல்ல" என்றார், கார் கழுவும் தெய்வானையிடம்.

தெய்வானை உள்ளே எட்டிப் பார்த்தாள். "வேற யாராச்சும் உள்ள உக்காந்தாங்களாங்க?"

"என்னைத் தவிர ஒரு ஈகூட உக்காந்ததில்ல!"

"ஈ இல்லீங்க, எறும்பு வரிசையா போகுதுங்களே!"

காற்று வரும் துளைக்குள் ஹேர்பின்னை விட்டு இழுத்தாள். கொத்துக் கொத்தாக மிட்டாய்க் காகிதம் வந்தது. சத்தம் நின்றது, காற்றும் வந்தது.

முதலாளியின் சர்க்கரை நோய்க்குப் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்த அவர் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெய்வானை, நாளையிலிருந்து காருக்கு உள்ளேயும் தினம் நீதான் துடைக்கணும். கிடைக்கிறதை என்கிட்ட காட்டு."