வயிரவன் வீட்டுக் குத்தூசி

முதலில் கேட்டது முறத்தின் சத்தம். சர்... சர்... என்று ஒரே சீராக. அப்புறம்தான் மடத்துச் சமையற்கட்டில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த பரஞ்சோதியம்மை கண்ணுக்குத் தெரிந்தார்.

வயிரவன் செட்டியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குருவான அம்மைக்கு முப்பத்தாறு. துறைமுகத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. செட்டியார் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"கப்பல் எப்போ?" என்றார் அம்மை.

"நாளைக் காலையிலே, தாயே."

"இப்பவே கடல் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு முகம்."

செட்டியார் சிரிக்கவில்லை. தீவு ராஜா இந்த ஊர்ப் படகுக்காரர்கள் முப்பத்திரண்டு பேரைச் சிறையில் வைத்திருந்தான். தன் கடலில் திருட்டுத்தனமாக முத்துக் குளித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களை மீட்டு வரச் செட்டியாரைத்தான் தூது அனுப்புகிறார் அரசர்.

"நாலு தலைமுறையா எங்க வீடு இதைச் செய்யுது. கொள்ளுப்பாட்டனார் அரிசிக் கடைக்காரர். பஞ்சத்துலே யோசனை கேட்க அரண்மனைக்குக் கூப்பிட்டாங்க. மந்திரியாத்தான் திரும்பி வந்தார். பாட்டனார் பேசிப் பேசியே ஒரு போரை நிறுத்தினவர். அப்பா பேசித் திறந்த துறைமுகத்துக்கு இன்னைக்கும் நம்ம கப்பல் போகுது. ஒருத்தரும் வெறுங்கையோட திரும்பினதில்லை."

"தெரியும். ஊரே சொல்லுது. போதாததுக்கு நீங்களும் சொல்றீங்க."

செட்டியார் அருகில் வந்து உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த முப்பத்திரண்டு பேர்லே ரெண்டு பேர் நிஜமாவே முத்துக் குளிச்சிருக்காங்க. எனக்குத் தெரியும். ராஜாவுக்கு வெறும் சந்தேகம்தான், சாட்சி இல்லை. யாருமே குளிக்கலேன்னு நான் சாதிச்சா எல்லாரையும் விட்டாலும் விடுவான். உண்மையைச் சொன்னா முப்பத்திரண்டு தலையும் போனாலும் போகும். நம்ம அரசரோ, 'நாக்கு உம்முடையது, பொறுப்பும் உம்முடையது'ன்னுட்டார். நான் என்ன சொல்லட்டும்?"

அம்மை மூலையைக் காட்டினார். காலையில் செட்டியார் வீட்டிலிருந்து மடத்துக்கு வந்த அரிசி மூட்டை, தைத்த வாய் பிரியாமல் நின்றது.

"அதை வாங்கலாமா வேண்டாமான்னு பார்க்கணும். மாதிரி காட்டுங்க."

"தானமாக் கொடுத்ததை வாங்கறதாவது..."

"காட்டுங்கன்னேன்."

செட்டியார் தையலைப் பிரித்தார். மேலாக ஒரு கை அள்ளி நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மை. "உங்க கொள்ளுப்பாட்டனாரும் கடையிலே இப்படித்தான் காட்டுவாரா?"

நீட்டிய கை அப்படியே நின்றது.

"இல்லை."

"பின்னே?"

"குத்தூசியை வாங்க வந்தவர் கையிலேயே கொடுத்துடுவாராம். மூட்டையோட அடிவரைக்கும் குத்தி அரிசி எடுத்துப் பார்க்கற ஊசி. 'எங்கே வேணும்னாலும் குத்திக்குங்க'ம்பாராம்."

"அடியிலே கல் இருந்தா?"

"அதை முதல்லயே சொல்லிடுவாராம். சொல்லிட்டுத்தான் ஊசியை நீட்டுவாராம்."

"குத்துனாங்களா?"

"முதல் ரெண்டு வருஷம் குத்துனாங்க." செட்டியாரின் குரல் தானாகவே நிமிர்ந்தது. "அப்புறம் ஒருத்தரும் அதைத் தொடலை. துருப்பிடிச்சுப் போச்சு."

"இப்போ எங்கே அது?"

"பூஜை அறையிலே. வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் பூசுவோம்."

அம்மை வாய்விட்டுச் சிரித்தார். "ராஜாவுக்கு என்னென்ன கொண்டுபோறீங்க?"

"வைர மாலை ஒண்ணு. தந்தம் ரெண்டு ஜோடி. பட்டு."

"பூஜை அறையிலேயிருந்து ஒண்ணும் இல்லையா?"

செட்டியார் கையிலிருந்த அரிசியை ஒரு மணி சிந்தாமல் மூட்டையில் திரும்பப் போட்டார். அதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"தாயே, அவன் அரிசி வாங்க வந்த ஆள் இல்லை. ராஜா. அடியிலே ரெண்டு கல் கிடக்கே, அதுவரைக்கும் குத்திப் பார்த்துட்டான்னா?"

"பார்க்கட்டும். உங்க வீட்டு மூட்டைதானே?"

செட்டியார் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மை முறத்தைக் கையில் எடுத்தார்.