எலுமிச்சங்கன்றும் வேப்பமரமும்

"அம்மா, கெட்டதை வேரோட எடுக்கிறது தப்பா?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

அவர் மடத்தில் சேர்ந்து ஒரு வருடமாகிறது. அங்கே குருவாக இருந்த கோமதியம்மாவைவிட அவர் பத்து வயது மூத்தவர். கோபத்தில் இன்னும் மூத்தவர்.

"எந்தக் கெட்டதை?"

"காக்கையை."

தோட்டத்தில் அவர் நட்ட எலுமிச்சங்கன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. வாழ்நாளில் அவர் கையால் வைத்துப் பிழைத்த முதல் செடி அதுதான். இப்போது இலைகளின் ஓரமெல்லாம் அரித்துக் கிடந்தது. இலைமேல் வெள்ளையும் கறுப்புமாக எச்சம் வேறு.

பக்கத்து வேப்பமரத்துக் காக்கைகள்தான் கொத்திவிட்டு, அசிங்கமும் பண்ணிவிட்டுப் போகின்றன என்று முடிவுகட்டிவிட்டார். வேம்பை வெட்ட ஆளும் வந்தாயிற்று. அவன் மேலே ஏறிக் கிளையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கூட்டிலிருந்த குஞ்சுகள் கத்தின. கோமதியம்மா சரி என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி.

"தினமும் வாளி வாளியா தண்ணி ஊத்துறேன். எச்சம் போகவே மாட்டேங்குது."

"துடைச்சுப் பார்த்தீங்களா?"

"எச்சத்தையா? கையாலயா?" அவர் முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"ஒரே ஒரு இலை. துடைச்சுட்டு வாங்க. அப்புறம் வெட்டச் சொல்லலாம்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். துண்டின் நுனியை விரலில் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் எச்சத்தைத் தொட்டார்.

எச்சம் தலையைத் தூக்கியது. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டியது.

"அய்யோ!" என்று பின்வாங்கியவர், மறுபடி குனிந்து பார்த்தார். புழு! அடுத்த இலையிலும் புழு. ஒன்று அவர் கண்ணெதிரிலேயே இலை ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஏய், இறங்குப்பா! வெட்டாதே! இறங்கு!" என்று மரத்தைப் பார்த்துக் கத்தினார்.

அந்த ஆள் கயிற்றோடு கீழே இறங்கிய பிறகுதான் தாணுலிங்கத்துக்கு மூச்சே வந்தது. அப்பாடா என்றிருந்தது. தன்னை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

கோமதியம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, அது எச்சமே இல்லை, புழு! காக்கா பாவம், ஒண்ணுமே பண்ணலை. நல்லவேளை நீங்க சொன்னீங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. நானும் எச்சம்னுதான் நினைச்சேன்."

அவர் விழித்தார். "அப்புறம் ஏன் துடைக்கச் சொன்னீங்க?"

"மரத்தையே வெட்டத் துணிஞ்சீங்களே, ஒரு இலையைத் துடைச்சுப் பார்த்தா என்னன்னு தோணிச்சு."