யானை கேட்டவர் எழுதிய வார்த்தை

ரொம்ப காலத்துக்கு முன்னால் ஆவரங்கோட்டையை மருதப்ப ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வெள்ளைக்காரன் வந்து எடுத்தது போக அவருக்கு மிஞ்சியது ஒரு கோட்டை, இரண்டு யானை, பெரிய மீசை. மூன்றில் மீசை மட்டும்தான் அவர் சொன்னபடி கேட்டது.

ஒருநாள் கலெக்டர் துரையிடமிருந்து கடிதம் வந்தது. துரைமார் பேச்சைத் தமிழில் சொல்வதற்கென்று துபாஷி வரதராசு இருந்தார். அவருக்கு நாற்பது இங்கிலீஷ் வார்த்தை தெரியும். தெரியாத இடம் வந்தால் இருமுவார். மந்திரி ஏகாம்பரத்தின் நாற்காலி மேல் அவருக்கு எட்டு வருஷமாக ஒரு கண்.

சபையில் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். இந்தத் தடவை இருமவில்லை.

"மகாராஜா, இதை என் வாயால் எப்படிச் சொல்வேன்? துரை உங்களை டிஸ்டிங்விஷ்டு என்று எழுதியிருக்கிறார்."

"அப்படியென்றால்?"

"அணைந்துபோனவர்."

ராஜா எழுந்துவிட்டார்.

"நானா? மந்திரி, என்னைப் பாரும். நான் அணைந்தா போயிருக்கிறேன்?"

"இல்லை மகாராஜா. நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கிறீர்கள்" என்றார் ஏகாம்பரம்.

துபாஷி விடவில்லை. "துரைக்குக் கூடை கூடையாக மாம்பழம் அனுப்பிச் சிநேகம் பிடித்தது யார்? நம் மந்திரிதான். அந்தச் சிநேகத்துக்குக் கிடைத்த பதில் இது."

அவ்வளவுதான். ராஜாவுக்கு யோசிக்கிற பழக்கம் கிடையாது. "பொழுது சாய்வதற்குள் இது கெட்ட வார்த்தை இல்லையென்று காட்டும். முடியாவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. குடும்பத்தோடு கோட்டையை விட்டுப் போய்விடும்."

ஏகாம்பரத்துக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடத் தெரியாது. மனைவி, மூன்று பெண்கள், அறுபது வயது. இதற்குமேல் எங்கே போய் வேலை தேடுவது? ஆனாலும் கேட்டார்:

"துபாஷியாரே, கடிதத்தின் கடைசியில் என்ன இருக்கிறது?"

"வேட்டைக்குப் போக இரண்டு யானை இரவல் கேட்டிருக்கிறார்."

ஏகாம்பரத்துக்கு உயிர் வந்தது. யானை இரவல் கேட்கிற ஆள் யானைக்காரனைத் திட்டுவானா? திட்டுவதாக இருந்தால் யானையைத் திருப்பி விட்ட பிறகல்லவா திட்டுவான்? ஆனால் இதைச் சொன்னால் ராஜா கேட்கமாட்டார். அவருக்கு எதையும் கண்ணால் பார்க்கவேண்டும்.

"மகாராஜா, துபாஷியார் சொல்வதே சரியென்று வைத்துக்கொள்வோம். நம்மைத் திட்டியவரைச் சும்மா விடலாமா? துரை ஏரிக்கரையில்தான் கூடாரம் போட்டிருக்கிறார். நேரே போய் அதே வார்த்தையால் அவரைத் திட்டிவிட்டு வருவோம். துபாஷியார் வாயால் சொன்னால்தான் எடுப்பாக இருக்கும்."

"பேஷ்" என்றார் ராஜா.

துபாஷி கழுத்தைத் தடவிக்கொண்டார். "எனக்கு இரண்டு நாளாகத் தொண்டை சரியில்லை."

"இப்போது அரைமணி நேரம் படித்தீர்களே, நன்றாகத்தானே இருந்தது?" என்றார் மந்திரி.

வழியெல்லாம் ராஜா பல்லக்குக்குள் "டிஷ்டிங்கு, டிஷ்டிங்கு" என்று பழகிக்கொண்டே வந்தார். துபாஷி எந்த வார்த்தையை முழுங்கினாலும் இதை முழுங்க முடியாதபடி மந்திரி செய்த ஏற்பாடு அது.

துரை கூடார வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். துபாஷி குனிந்து, தனக்குத் தெரிந்த நாற்பதில் முப்பதைச் சொல்லி முடித்தார். ராஜா அவர் விலாவில் ஒரு இடி இடித்தார்.

"அந்த வார்த்தையைக் காணோமே?"

"சொன்னேனே மகாராஜா, மெதுவாக."

சொன்னவர் அப்படியே நகர்ந்து ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டார். இனி வேறு வழியில்லை. ஏகாம்பரமே முன்னால் வந்தார். தன் கணக்கு தப்பினால் சவுக்கடி முதுகில் விழும், வேலையும் போகும். துரையைக் கைகாட்டி, நாக்கைச் சுழற்றி, ஒரே மூச்சில் சொன்னார்:

"துரை, டிஸ்டிங்விஷ்டு."

துரை கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு சிவந்த முகம் இன்னும் சிவக்கச் சிரித்து, மந்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ராஜாவின் கையையும் குலுக்கினார். விட்டால் பல்லக்குத் தூக்கிகள் கையையும் குலுக்கியிருப்பார்.

"திட்டினால் சிரிக்கிறானே" என்றார் ராஜா.

துரையின் சமையல்காரன் அந்தோணி தமிழ்க்காரன். பிஸ்கோத்துத் தட்டோடு வந்தவன் சொன்னான்: "திட்டு இல்லீங்க சாமி. நூறு பேர் நடுவுல தனியாத் தெரியிற பெரிய மனுசன்னு அர்த்தம். எங்க தொரைய இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல. அதான் ஆடிப்போயிட்டாரு."

ராஜா திரும்பி மரத்தைப் பார்த்தார். "துபாஷியாரே, இப்படி வாரும். அணைந்துபோனவர் என்ற அர்த்தம் எங்கிருந்து வந்தது?"

துபாஷி வந்தார். "பயணியர் பங்களாச் சுவரில் விளக்கை அணைக்கச் சொல்லி எழுதியிருந்தது மகாராஜா. எக்ஸ்டிங்விஷ்டு என்று. இரண்டும் விஷ்டு என்றுதான் முடிகிறது."

"முடிகிற இடத்தை மட்டும் வைத்து அர்த்தம் சொல்வீரோ? நாளையிலிருந்து சபையில் எல்லாரும் ஒரு பக்கம் உட்காரட்டும். நீர் மட்டும் எதிர்ப்பக்கம் தனியாக நில்லும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லும், சரியான அர்த்தம். நூறு பேர் நடுவில் நன்றாகத் தெரிவீர்."

பிறகு மந்திரியிடம் திரும்பினார். "உமக்கு இந்தப் பட்டத்தையே கொடுத்துவிடலாமென்று நினைக்கிறேன்."

"வேண்டாம் மகாராஜா. நீங்களும் தனி, நானும் தனி என்றால் ஜோடியாகிவிடும். அப்புறம் யார் தனி?"

ராஜா மீசையைத் தடவினார். "அதுவும் சரிதான். நானே வைத்துக்கொள்கிறேன்." தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குப் போட்டார்.

பொழுது சாயும் நேரம் ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தார். பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டை கட்டி வாசலில் வைத்து, மனைவி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மாலையை அவள் கவனிக்கவேயில்லை.

"என்னமோ டிங்கு டிங்குன்னு ஊரே பேசுதே, அது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

"எழுந்திரு. மூட்டையை அவிழ்க்கச் சொல்கிற வார்த்தை" என்றார் ஏகாம்பரம்.